பைக்குக் காவலாக ஒரு தாத்தா, ஒரு ஆச்சி

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டால், பொழுது சாய்ந்ததும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்களில் பொதிகை எக்ஸ்பிரஸுக்காக என் வயதுக்காரர்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள். காலடியில் ஒரு பெட்டி, மடியில் பால்கோவா டப்பா, ஒரு துணிப்பையில் முறுக்கும் மாவடு ஊறுகாயும். மகன் வீடு, மகள் வீடு, தாம்பரம், வேளச்சேரி, அப்புறம் பெங்களூர். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்: "அப்பா, ஞாயித்துக்கிழமை எல்லாரும் தீம் பார்க் போறோம். உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம்தான். தீம் பார்க்குக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போகட்டும். தாத்தாவும் ஆச்சியும் அந்த நாளை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஏழு பேருடைய செருப்பையும் பையையும் காவல் காத்துக் கழிக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே அவர்களுக்குப் பார்க்க ஓர் இடமும், அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சூடாகச் சாப்பிட ஒரு மேஜையும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தீம் பார்க் என்ற யோசனை பிறந்ததே ஒரு பெஞ்சில்தான் என்பது வேடிக்கையான விஷயம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் கிரிஃபித் பார்க் என்று ஓர் இடம். அங்கே வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண்பிள்ளைகளையும் ராட்டினக் குதிரையில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பாராம். பிள்ளைகள் சுற்றுகின்றன, அப்பன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்து சந்தோஷப்பட ஓர் இடம் கிடையாதா என்று அங்கேதான் தோன்றியது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தார்கள். ஆக, பெஞ்சில் உட்கார்ந்தவருடைய சலிப்பைத் தீர்க்க வந்த சமாச்சாரம் அது. எழுபது வருஷம் ஆகியும் பெஞ்சு காலியாகவில்லை. அன்றைக்கு அப்பா உட்கார்ந்திருந்தார், இன்றைக்குத் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் பக்கத்துக் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்னைக்குப் போனால் வி.ஜி.பி. தங்கக் கடற்கரை பார்க்காமல் வந்தால் ஊரில் மதிக்க மாட்டார்கள் என்று ஒரு காலம் இருந்தது. அங்கே ஆடாமல் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க நாம் படாத பாடு பட்டோம். 1995 இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' படம் எடுத்த நவோதயா அப்பச்சன் தொடங்கியது அது. 2000 இல் கொச்சியில் வீகாலேண்ட். நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த வி-கார்டு ஸ்டெபிலைசர் கம்பெனிக்காரர் தொடங்கியதுதான் அதுவும். பிற்பாடு வொண்டர்லா என்று பெயர் மாறி, 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூர் வழியிலும் வந்துவிட்டது. மதுரையில் பரவை பக்கம் அதிசயம் இருக்கிறது. ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை யாரையும் விடப்போவதில்லை.

நம் தலைமுறைக்கு இருந்த தீம் பார்க் குற்றாலம். ஆனி, ஆடியில் சாரல் விழுந்ததும் வேன் பிடித்துப் போவோம். அங்கே அருவிக்கு வயது வித்தியாசம் கிடையாது. எண்பது வயது ஆச்சியும் எட்டு வயதுப் பேத்தியும் ஒரே தண்ணீரில் தலையைக் கொடுப்பார்கள். குளித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் ஒரே பசி. ஈரத்தலையோடு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். துணிமூட்டைக்குக் காவல் இருந்தவரும் அடுத்த முறை போய்க் குளித்துவிட்டு வந்துவிடுவார். காவல் முறை மாறி மாறி வரும்.

தீம் பார்க்கில் அந்த முறை மாறுவதே இல்லை. ஒவ்வொரு ராட்டினத்துக்கும் முன்னால் ஒரு போர்டு. இருதயக் கோளாறு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முதுகுவலி, கழுத்துவலி உள்ளவர்கள் ஏற வேண்டாம். படித்துப் பார்த்தால் நம் மாத்திரை டப்பாவின் விலாசம் மாதிரி இருக்கும். அவர்கள் அப்படிப் போட்டதில் தப்பே இல்லை, நம் நன்மைக்குத்தான். ஆனால் எதிலும் ஏற முடியாதவருக்கு எதற்காக முழு டிக்கெட் எடுத்து உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்ற கேள்வி இருக்கிறதல்லவா?

சில வருஷங்களுக்கு முன்னால் நாங்களும் ஒரு பெரிய பூங்காவில் அப்படி உட்கார்ந்திருந்தோம். எந்தப் பூங்கா என்பது வேண்டாம், எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே நடைமுறைதான். காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தது, எழுந்தபோது மாலை ஐந்து. நடுவில் சாப்பாடு. முதலில் ஒரு வரிசையில் நின்று கூப்பன், அப்புறம் இன்னொரு வரிசையில் நின்று தட்டு. தரையோடு சேர்த்துப் பதித்த நாற்காலி, முட்டி வலிக்காரர்களுக்கு உள்ளே காலை நுழைப்பதே ஒரு வித்தை. மகன் ஓடி ஓடி எங்களுக்கு ஒரு தட்டு சாம்பார் சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிட்டுக்கிட்டே இருங்க, இதோ வந்துர்றோம்" என்று போனான். என் மனைவி முதல் கவளத்தை வாயில் வைத்தாள். பக்கத்தில் கிடந்த ஐந்து பைகளையும் எண்ணிப் பார்த்தாள். மறுபடி ஒரு கவளம், மறுபடி எண்ணிக்கை. சாப்பாடு முடிவதற்குள் நான்கு தடவை எண்ணிவிட்டாள். பக்கத்துப் பெஞ்சில் விருதுநகர்க்காரர் ஒருவர், அவரும் அவர் சம்சாரமும் அதே வேலையில் இருந்தார்கள். "சார், இங்க நம்மள மாதிரி எத்தன பேரு பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன். நிழல் இருந்த இடத்தில் எல்லாம் ஒரு தாத்தா, ஒரு ஆச்சி, ஒரு பைமூட்டை. வி.ஜி.பி. சிலை மனிதருக்காவது அதற்குச் சம்பளம் உண்டு.

ஆகவே, அடுத்து ஓர் அரையாண்டு விடுமுறையில் மகன் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பூங்காவுக்கு டிக்கெட் போட உட்கார்ந்தபோது, நான் முன்கூட்டியே சொன்னேன். "எங்களுக்கு வேண்டாம்ப்பா. எங்கள முட்டுக்காட்டுல தட்சிணசித்ராவுல எறக்கி விட்டுரு. சாயந்தரம் வந்து கூட்டிக்கோ."

"தனியா எப்படிப்பா?" என்றான்.

"தனியா எங்க? அம்மாவும்தான வர்றா."

மருமகள் சிரித்துவிட்டாள். "அத்தையும் மாமாவும் போயிட்டு வரட்டும்ங்க. போன்தான் இருக்குல்ல" என்றாள். மகனுக்கு மனசில்லை. அவன் ஆசை எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிப்போக வேண்டும் என்பது. அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றாக இருப்பது வேறு, ஒரே மதில் சுவருக்குள் இருப்பது வேறு.

தட்சிணசித்ரா எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். முட்டுக்காட்டில், கடற்கரைச் சாலை ஓரத்தில் இருக்கிறது. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்துகிறது. 1996 டிசம்பரில் திறந்தார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளில் இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, கதவு, தூண், உத்தரம், ஓடு என்று பிரித்து எடுத்துவந்து, அதே மாதிரி மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு ஒன்று, நெல்லைச் சீமை அக்கிரகார வீடு ஒன்று, கேரளத்து மரவீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு, இப்படி வரிசையாக. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போகலாம், திண்ணையில் உட்காரலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. டிக்கெட் தீம் பார்க் டிக்கெட்டில் ஒரு சின்னப் பங்குதான்.

எங்களுக்கு அங்கே பிடித்தது முதலில் திண்ணை. உட்காருவதற்கென்றே கட்டிய இடம். நம் பக்கத்தில் வாசல் திண்ணைகளை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணிவிட்டோம். அங்கே வீட்டுக்கு வீடு திண்ணை. கால் வலித்தால் உட்கார், வலி நின்றால் அடுத்த வீட்டுக்குப் போ. ஒரு ராட்டினத்துக்கும் வரிசையில் நிற்காமல் ஒரு முற்பகல் போய்விட்டது.

இரண்டாவது, அங்கே நாங்கள் வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் ஐ.டி. வேலைக்காரர்கள் மாதிரி இளம் தம்பதி ஒன்று நின்றுகொண்டு, வீட்டுக்கு நடுவில் ஏன் கூரை இல்லை, மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று பேசிக்கொண்டிருந்தது. என் மனைவி தானாகவே பேச்சில் சேர்ந்துவிட்டாள். மழைத்தண்ணீர் முற்றத்தில் விழுந்து எப்படி வெளியே போகும், அண்டாவை எங்கே வைத்துப் பிடிப்பார்கள், வெயில் காலத்தில் வற்றலும் அப்பளமும் காயப்போட்டால் காக்கைக்கு எப்படிக் காவல் இருப்பார்கள், ராத்திரி நிலா வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு உருட்டிப் போடுவார்கள் என்று கால் மணி நேரம் சொன்னாள். அந்தப் பெண், "ஆன்ட்டி, இன்னொரு தடவ சொல்லுங்க, வீடியோ எடுத்துக்கறேன்" என்றது. தீம் பார்க் பெஞ்சில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தபோது யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க அங்கே என்ன இருக்கிறது? நமக்குத் தெரிந்தது எதுவும் தேவைப்படாத இடம் அது. வயதானவர்களைச் சோர்வாக்குவது நடை மட்டும் இல்லை, யாருக்கும் நம்மிடம் கேட்க ஒன்றும் இல்லாமல் போவதும்தான்.

அப்புறம் சாப்பாடு. இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான்.

கடற்கரைச் சாலையில் மதியமும் டிபன் கிடைக்கிற ஒரு சைவ ஓட்டலுக்கு ஆட்டோ பிடித்துப் போனோம். பெரிய ஓட்டல் இல்லை. மேஜை துடைத்திருந்தது, நாற்காலிக்கு முதுகு இருந்தது, கை கழுவும் இடம் பக்கத்தில் இருந்தது. இந்த மூன்றும் இருந்தால் என் கணக்கில் அது நல்ல ஓட்டல். சர்வர் தம்பி அட்டையை என்னிடம் நீட்டினார். நான் அதை அவள் பக்கம் தள்ளினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். அவசரப்படுத்த யாரும் இல்லை. பேரனுக்கு எது காரமில்லாமல் இருக்கும், மகனுக்கு எது பிடிக்கும் என்று பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

"என்ன வேணும்?" என்றேன்.

"நான் பண்ணாததா எதாச்சும் வேணும்" என்றாள். பிறகு, "நெய் ரோஸ்ட். இந்த நீளம் வீட்டுக் கல்லுல வராது" என்றாள்.

நான் சாப்பாடு சொன்னேன். அவளுக்கு நெய் ரோஸ்ட் வந்தது. மேஜையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை. விரல் வைத்தால் சுடுகிற சூடு. முனையைப் பிட்டு வாயில் போட்டவள் ஒன்றும் பேசவில்லை. பாதி போன பிறகுதான், "ஏங்க, எந்திரிக்க வேண்டாத சாப்பாடு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நம் வீடுகளில் தோசையின் சட்டம் உங்களுக்குத் தெரியும். சுடுகிறவர் கடைசியில் சாப்பிடுவார். கல்லிலிருந்து எடுத்தது எடுத்தபடி தட்டுக்குப் போனால்தான் ருசி என்பதால், அடுப்பு முன்னால் நிற்கிறவருக்கு உட்கார வழியே இல்லை. கடைசியில் மாவு தீர்ந்து, சட்னி அடியில் ஒட்டிக்கொண்டு, மீதி இருக்கிற இரண்டு ஆறிப்போன தோசையை நின்றபடி சாப்பிட்டுவிட்டுக் கல்லைக் கழுவுவார்கள். ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, மில் வேலைக்காரர் வீடோ, வாத்தியார் வீடோ, கடைக்காரர் வீடோ, இதுதான் முறை. நல்ல மனசோடுதான் செய்தார்கள், செய்கிறார்கள். ஆனால் நாற்பது, நாற்பத்தைந்து வருஷம் கல்யாணம் ஆன ஒரு தம்பதி, ஒரே நேரத்தில், எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் சூடாகச் சாப்பிட்ட வேளைகளை எண்ணிச் சொல்லுங்கள் என்றால் விரல்கள் மிஞ்சும். கல்யாண வீட்டில்கூட ஆண் பந்தி ஒன்று, பெண் பந்தி ஒன்று என்றுதான் உட்கார்ந்தோம்.

இதை ஓட்டல்தான் கொடுக்க முடியும் என்பது என் கட்சி. வீட்டில் எவ்வளவு சொன்னாலும் அவர்கள் நடுவில் எழுந்து மோர் எடுத்துவரப் போய்விடுவார்கள். குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனாலும் பேரன் தட்டில் எலுமிச்சை விதை பொறுக்குவது ஆச்சி வேலையாகிவிடும். இரண்டு பேர் மட்டும் போனால்தான் அந்த மேஜையில் அவர் விருந்தாளி. அன்றைக்கு எங்களுக்கு ஆனது, இரண்டு பில்டர் காபியும் சேர்த்து, 600 ரூபாய்க்குள். பூங்காவுக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் நுழைவுச்சீட்டு எடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய தொகையில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

டிஸ்னி கம்பெனிக்காரர்களுக்கும் இந்த விஷயம் புரிந்துதான் இருக்கிறது. 1982 அக்டோபரில் அவர்கள் ஃபுளோரிடாவில் எப்காட் என்று ஒன்றைத் திறந்தார்கள். அதில் ஒரு பாதி, பெரிய ஏரி ஒன்று. அதைச் சுற்றி இன்றைக்கு 11 நாடுகளின் பெயரில் கட்டடங்கள், அந்தந்த நாட்டுக் கடைவீதி, அந்தந்த நாட்டுச் சாப்பாடு. நடக்கிறவர்கள் நடக்கலாம், உட்காருகிறவர்கள் உட்காரலாம், சாப்பிடலாம். ராட்டினம் வேண்டாதவர்களும் விடுமுறைக்கு வருகிறார்கள், அவர்களுக்கு வேண்டியது பார்க்க ஒரு காட்சியும் சாப்பிட ஒரு மேஜையும் என்று தெரிந்து செய்த ஏற்பாடு. நம் ஊர்ப் பூங்காக்களுக்குள் அது வரும் வரை, அந்த மேஜையை நாமே வெளியில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். நமக்கு அது சுலபம். நம் பூங்காக்கள் பலவும் ஊரை ஒட்டித்தான் இருக்கின்றன. பரவை அதிசயத்திலிருந்து மதுரை திருமலை நாயக்கர் மகாலும் காந்தி அருங்காட்சியகமும் எவ்வளவு தூரம்? பிள்ளைகள் தண்ணீரில் கிடக்கிற நேரத்தில் அவற்றைப் பார்த்து, மீனாட்சியையும் சேவித்துவிட்டு வந்துவிடலாம்.

நாங்கள் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மாமல்லபுரம் போனோம். அங்கே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று கிளம்பினால் முட்டி ஒத்துழைக்காது. இரண்டு இடம் போதும் என்று முடிவு பண்ணினோம். கடற்கரைக் கோயில் ஒன்று, கிருஷ்ண மண்டபம் ஒன்று. கடற்கரைக் கோயில் ராஜசிம்ம பல்லவன் காலத்தது, சுமார் 1300 வருஷம் கடற்காற்றைத் தாங்கி நிற்கிறது. 1984 இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக மாமல்லபுரத்தை அறிவித்தது. கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கும் கண்ணன் ஒரு பக்கம் இருக்க, ஒருவர் பால் கறந்துகொண்டிருக்கிறார். பசு திரும்பி, நின்றபடி தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. பால்கோவா ஊர்க்காரர்கள் நாம் அந்தச் சிற்பத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிற்காமல் வரமுடியாது. "கன்னுக்குட்டிய விட்டுட்டுக் கறந்தா பால் எறங்காதுன்னு அந்தக் கல்தச்சனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் என் மனைவி. ஆறு மணிக்குப் பேரன்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல ராட்டினக் கதை இருந்தது, ஆச்சிக்குச் சொல்ல மாட்டுக் கதை இருந்தது. அன்றைக்கு ராத்திரி வீட்டில் பேச்சு இரண்டு பக்கமும் ஓடியது.

இதற்கு வரும் ஆட்சேபணைகளை நான் அறிவேன். முதலாவது, "பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பதுதானே எங்களுக்குச் சந்தோஷம்?" உண்மை. ஆனால் அவர்கள் நாற்பதடி உயரத்தில் தலைகீழாகத் தொங்கும்போது நமக்குத் தெரிவது செருப்பு மட்டும்தான். ஒரு மணி நேரம் கூட இருந்து, பொம்மை ரயிலில் சேர்ந்து ஒரு சுற்று வந்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினால் அந்தச் சந்தோஷத்தில் ஒன்றும் குறையாது. ஒரு மணி நேரத்துக்கும் முழு டிக்கெட்தான் என்றால், மகன் வீட்டு மொட்டை மாடியில் பம்பரம் விட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, "பைகளை யார் பார்ப்பது?" பூங்காக்களில் வாடகைக்குப் பெட்டக வசதி இருக்கிறது. பூட்டிச் சாவியைக் கையில் கட்டிக்கொள்ளலாம். ஒரு பெட்டகம் செய்யக்கூடிய வேலைக்கு அம்மாவை உட்கார வைக்க வேண்டாம்.

மூன்றாவது, "வயதான காலத்தில் தெரியாத ஊரில் ஏதாவது ஆகிவிட்டால்?" நியாயமான பயம். மாத்திரை, தண்ணீர், போனில் சார்ஜ், மகனுடைய நம்பர் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையில். ஓர் ஆளுக்கு முடியாவிட்டால் திண்ணையிலோ ஓட்டலிலோ உட்கார்ந்துவிடுங்கள், ஊர் பார்ப்பது முக்கியமில்லை. நடக்கவே முடியாதவர்கள் வீட்டில் இருப்பதுதான் சரி. அவர்களைப் பூங்காவின் வெயிலில் உட்கார வைப்பது எந்த வகையில் பாதுகாப்பு?

நான்காவது ஆட்சேபணையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "இந்த வயசுல ரெண்டு பேரும் தனியா ஓட்டலுக்குப் போறாங்க பாரு" என்று நாலு பேர் சிரிப்பார்களே என்பது. நம் ஊர்களில் புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் பத்தடி முன்பின்னாக நடந்து பழகிய தலைமுறை நாம். என் பதில் ஒன்றுதான். இரண்டு பேராக இருக்கும் காலம் கணக்கில்லாமல் இருப்பதல்ல. நம் வட்டத்தில் போன ஐந்து வருஷத்தில் எத்தனை வீடுகளில் ஒரு நாற்காலி காலியாகிவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். துக்கம் விசாரிக்கப் போகும்போது அவர்கள் சொல்வது பெரிய பெரிய விஷயங்கள் இல்லை. "ஒரு நாள் கன்னியாகுமரி கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா" என்பது மாதிரிதான் சொல்கிறார்கள். துணையை இழந்தவர்களுக்கும் இது பொருந்தும். அக்கா தங்கையோடு, சம்பந்தி அம்மாவோடு, கூட வேலை பார்த்த நண்பரோடு போகலாம். எதிர் நாற்காலியில் பேச ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்குச் சென்னைவரைக்கும் போக வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைகள் விடுமுறைக்கு இங்கே வந்து, பேரன்களை அதிசயத்துக்கோ குற்றாலத்துக்கோ கூட்டிப்போகும் நாளில், நாம் வீட்டில் காவல் இருக்காமல் நம் ஊரையே பார்க்கலாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம். ராஜபாளையத்துக்காரர்களில் ஆண்டாள் கோயிலைக் கல்யாணச் சேவைக்கும் ஆடிப்பூரத் தேருக்கும் மட்டும் பார்த்தவர்கள் அதிகம். கூட்டத்தில் நெருக்குண்டு பார்ப்பது வேறு. வேலை நாளில் காலையில் போய், ஆண்டாள் கையில் தினமும் புதிதாகக் கட்டி வைக்கும் இலைக்கிளியை நின்று நிதானமாகப் பார்த்து, நந்தவனத்தில் சற்று உட்கார்ந்து, வடபத்ரசாயி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவது வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் எத்தனை பேர் ராஜபாளையம் காந்தி கலை மன்றத்தை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்கள்? 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ். குமாரசாமி ராஜா, தன் சொந்த வீட்டைக் கொடுத்து உண்டாக்கிய இடம் அது. செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது. நம் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019 இல். அதைக் கால் கிலோ பொட்டலம் கட்டி ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம், கடை வாசலில் நின்று தையல் இலையில் சூடாக ஐம்பது கிராம் வாங்கி இரண்டு பேரும் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது?

சர்க்கரைக்காரர்கள் என்னைத் திட்ட வேண்டாம். ஒரு இலையை இரண்டாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டல் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முதுகு சாய்கிற நாற்காலியோடு இரண்டு பேர் உட்காருகிற மேஜை இரண்டு போடுங்கள். விலைப்பட்டியலைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடியுங்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் படி இருந்தால் ஒரு கைப்பிடிக் குழாய் பொருத்துங்கள். மதியம் மூன்று மணிக்கு உங்கள் கடை காலியாகத்தானே கிடக்கிறது? அந்த நேரத்துக்கு எங்களைப் போல நல்ல வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்கள். கொஞ்சமாகச் சாப்பிடுவோம், கடன் சொல்ல மாட்டோம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கம். அடுத்த விடுமுறைக்கு எல்லோருக்கும் டிக்கெட் போடுவதற்கு முன்னால், அப்பாவிடம் கேட்காமல் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அம்மா, நாங்க உள்ள இருக்கற நேரத்துல நீங்க ரெண்டு பேரும் எங்க போகணும், என்ன சாப்பிடணும்?" முதல் தடவை "எங்களுக்கென்னப்பா, எங்கயாச்சும் உக்காந்துக்கறோம்" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிவிடாமல் இரண்டாவது தடவையும் கேளுங்கள்.